சாவும் நகையும்: 'ஸ்பேஸ் குவெஸ்ட்' விளையாட்டு – ஒரு திறனாய்வு

இழவு அழுகைக்கு உரியது என்பது நம் இலக்கணம் கண்ட முடிபு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் களன்களுள் ஒன்றாக இழவை வைத்தார். நகைக்கு வேறு களன்களை வகுத்தார். எள்ளலும் பேதைமையும் அவற்றுள் அடங்கும். ஆகவே, சாவிலிருந்து நகை பிறக்க வேண்டுமாயின், அதனை இழவின் களத்திலிருந்து பேதைமையின் களத்துக்குப் பெயர்த்து வைத்தல் வேண்டும். அவ்வாறு பெயர்த்துக் காட்டிய படைப்பு ஒன்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அது காவியமன்று, நாடகமுமன்று, ஒரு கணிப்பொறி விளையாட்டு.

"விளையாட்டுக்கும் திறனாய்வா?" என்று வினவுவோர் உளர். உவகை பிறக்கும் களன்களுள் ஒன்றாக விளையாட்டையும் தொல்காப்பியர் எண்ணினார் என்பதை அவர்க்கு நினைவூட்டி மேற்செல்வோம்.

கதையும் தலைவனும்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் இயங்கிய சியரா ஆன்-லைன் நிறுவனம் 1986-ஆம் ஆண்டில் 'ஸ்பேஸ் குவெஸ்ட்' விளையாட்டின் முதற்பாகத்தை வெளியிட்டது. அதனை ஆக்கியோர் மார்க் குரோவ், ஸ்காட் மர்ஃபி என்னும் இருவர். தம்மை ஆண்ட்ரோமெடாவிலிருந்து வந்த இருவர் என வேடிக்கையாக அழைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

இதன் தலைவன் ராஜர் வில்கோ. வானொலியில் பேசுவோர் "செய்தி கிட்டியது, அவ்வாறே செய்வேன்" எனக் கூறுதற்குப் பயன்படுத்தும் இரு குறிச்சொற்களே அவன் பெயர். ஏவியதைச் செய்பவன் என்பது பெயரிலேயே புலனாகிறது. ஆர்க்கடா என்னும் விண்கலத்தில் அவன் துப்புரவுத் தொழிலாளி. சேரியன் என்னும் பகைவர் கலத்துட் புகுந்து, ஸ்டார் ஜெனரேட்டர் என்னும் பேராற்றற் பொறியைக் கவர்ந்து, கலத்திலுள்ளோரைக் கொன்றழித்த வேளையில், அவன் துடைப்பம் வைக்கும் அறையில் உறங்கிக்கொண்டிருந்தான். உறக்கமே அவன் உயிரைக் காத்தது! கலம் வெடித்துச் சிதறப் பதினைந்து நிமிடங்களே உள்ளன. தப்பிச் சென்று, பகைவரின் கப்பலைத் தேடிப் புகுந்து, அப்பொறியை அழித்தல் அவன் கடன். முடிவில் அவன் பெறும் பரிசு பொன்னாலான துடைப்பம்.

வழியறிந்தவர் ஒரு மணி நேரத்துக்குள் இவ்விளையாட்டை முடித்துவிடலாம். வழியறியாதவர்க்கோ வாரங்கள் பல கழியும். இச்சிறு கதையை அவ்வளவு நெடியதாக்குவது சாவு. ஒரு சாவன்று, எண்ணற்ற சாவுகள்.

நகையின் இயல்பு

ராஜர் பகைவரின் கதிர்வீச்சால் வீழ்கிறான். கெரோனா என்னும் பாலைக்கோளின் குகையில் சொட்டும் அமிலத்தால் உருகுகிறான். மதுக்கடையிலுள்ள சூதாட்டப் பொறியில் மூன்று மண்டையோடுகள் ஒருசேர விழுந்தால், பொறியே அவனைச் சாம்பலாக்கிவிடும்! ஒவ்வொரு முறையும் கதை கூறும் குரல் இரங்குவது போல் நடித்து, ஆடுபவரின் அறிவைப் பழித்துச் சில சொற்களை உதிர்க்கிறது.

எள்ளல் என்பது பிறரைத் தான் எள்ளுதல் மட்டுமன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானே நகுதலும் அதுவே என்பது உரையாசிரியர் பேராசிரியர் கருத்து. இந்நுட்பமே ஈண்டு விளங்குகிறது. இறப்பவன் ராஜர், எள்ளப்படுபவரோ ஆடுபவர். ஏனெனில் அவனை அக்குகைக்குள் செலுத்திய பேதைமை ஆடுபவருடையது. தம் பேதைமையைத் தாமே கண்டு சிரித்தவர், அடுத்தமுறை அமிலம் சொட்டும் இடைவெளியை நோக்கி நடக்கிறார். சிரிப்பு ஆசிரியனாகிறது. இது கொடுமையைக் கண்டு மகிழும் மனத்தை வளர்க்குமோ எனப் பெற்றோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் ஈண்டுப் பொருந்தாது; நகைக்கு இலக்காவது பிறர் துன்பமன்று, நம் அவசரமே.

அறிவுநுட்பம் வாய்ந்த நகையும் இதில் உண்டு. தப்பிச் செல்லும் சிறுகலத்தில் 'நீர் நீக்கிய நீர்' அடைக்கப்பெற்ற குவளை ஒன்று கிடைக்கும். நீரை நீக்கிய பின் எஞ்சுவது யாது என நாம் நகைத்து அதனை மறந்துவிடுவோம். ஆனால் ஓராட் என்னும் குகைக் கொடுவிலங்கை நோக்கி அக்குவளையை எறிந்தால், அது விழுங்கி வெடித்து மாய்கிறது. நகைக்காக வைத்த பொருளே காரியத்துக்கும் பயன்படுதல் சிறந்த கதையமைப்பாகும்.

குறையின் இயல்பு

எனினும் இதன்கண் வேறொரு வகைச் சாவும் உண்டு. அதனை நாம் ஏற்க இயலாது.

யூலன்ஸ் ஃபிளாட்ஸ் என்னும் ஊரில் ஒருவன் ராஜரின் ஊர்தியை விலைக்குக் கேட்கிறான். முதலிற் கூறிய விலைக்கே இசைந்தால் பணம் மட்டும் கிட்டும். மறுத்தால், அவன் மீண்டும் வந்து, பணத்தோடு 'ஜெட்பேக்' என்னும் முதுகிற் கட்டிப் பறக்கும் பொறியையும் தருவான். பகைவர் கப்பலுக்குள் புக அப்பொறி இன்றியமையாதது. முதல் விலைக்கு இசைந்தவர் அக்கணமே தோற்றுவிட்டார். ஆனால் விளையாட்டு அதனை அவருக்குக் கூறுவதில்லை. அவரும் மதுக்கடையில் செய்தி திரட்டி, கலம் வாங்கி, விண்வெளி கடந்து, முடிவில் வழியடைபட்டு நிற்கிறார். எங்கே பிழைத்தோம் என அறியார்.

முன்னைய சாவு உடன் உணர்த்தும். இது மறைத்து வைக்கும். அங்கே நகை உண்டு. இங்கே அதுவும் இல்லை. முதல் விலைக்கு இசைதல் பேதைமையுமன்று. நேரிய மனிதர் பலரும் செய்வதே. ஆதலின் இதனைக் கடினம் எனப் போற்றுதல் தகாது. படைப்பாளர் தம்மை நம்பி வந்தவர்க்கு இழைத்த தவறு என்றே கொள்ளல் வேண்டும். திகைத்து நிற்போர்க்கு உதவும் குறிப்புநூல்களை அந்நிறுவனமே தனியே விலைக்கு விற்றது என்பதையும் ஈண்டு எண்ணிப் பார்க்கலாம்.

இக்குறையைப் பிறரும் கண்டனர். ரான் கில்பர்ட் தலைமையில் உருவாகி 1990-இல் வெளிவந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' விளையாட்டில், தலைவன் மலையுச்சியிலிருந்து வீழ்வான். சியரா விளையாட்டுகளில் தோன்றும் இறப்பு அறிவிப்பைப் போன்றதொன்று திரையில் தோன்றும். மறுகணம் அவன் துள்ளி மேலே வந்து, கீழே ரப்பர் மரம் இருந்தது என்பான். திறனாய்வையே நகைச்சுவையாக்கிய காட்சி அது. ஆயினும் சாவை ஏறக்குறைய முற்றும் விலக்கியதால் அவ்விளையாட்டு அச்சத்தையும் இழந்தது என்பது எம் கருத்து. விலக்கத்தக்கது சாவன்று, மறைவே.

சொல்லும் சிரிப்பும்

1986-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆடுபவர் தம் எண்ணத்தை ஆங்கிலச் சொற்களாகத் தட்டச்சு செய்தல் வேண்டும். எண்ணம் சரியாக இருந்தும் அதற்குரிய சொல் அமையாவிடில் பொறி விளங்கிக்கொள்ளாது. 1991-இல் வந்த புதுப்பதிப்பு அம்முறையை நீக்கி, திரையிலுள்ள சிறு படங்களைக் கொண்டு செயலாற்ற வைத்தது. எளிமை கூடிற்று; சொல்லைத் தேடும் இன்பம் குன்றிற்று.

ஊர் விட்டு ஊர் வந்து, வேற்றுமொழி வழங்கும் கடைவீதியில் முதற்சொல்லைப் பிழைபடக் கூறிச் சிரிப்புக்கு ஆளானோர் நம்முள் பலர். கடைக்காரர் சிரித்துவிட்டுச் சரியான சொல்லைக் கூறினாராயின், அம்மொழி நமக்கு வந்தது. வாய்மூடிக் கூடுதல் விலையைப் பெற்றுக்கொண்டாராயின், நாம் ஏமாந்ததையும் அறியாது வீடு திரும்பினோம். இவ்விளையாட்டில் இருவரும் உள்ளனர். முன்னவரைப் போற்றிப் பின்னவரைக் கடிதலே இதற்குரிய நேர்மையான மதிப்பீடு.

பிள்ளைகள் இப்பழைய விளையாட்டை ஆட விரும்பின் தடுக்க வேண்டா. உடன் அமர்ந்து ஆடுக. ராஜர் வீழும்போது அவர்களோடு சேர்ந்து சிரிக்கலாம். ஊர்தியை விலைபேச வருபவனிடம் மட்டும், "முதல் விலைக்கு இசையாதே" என்று முன்கூட்டியே கூறிவிடுதல் நலம்.