அவகாசம் சுருங்கச் சுருங்க

கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்க உட்காருகிறவர்கள் பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டுவார்கள். கொஞ்சம் பழகிவிட்டால் கண் தானாகக் கீழே இறங்கும். பந்து கைக்கு வருமுன் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது, தோள் ரிங் பக்கம் திரும்பிவிட்டதா என்று தேடும். பந்து வளையத்தில் விழுவது கணக்குப் புத்தகத்துக்கு. ரசிகனுக்கு வேண்டியது எல்லாம் அதற்கு முந்தைய அரை நொடியில் இருக்கிறது.

அந்த அரை நொடி எப்படி உருவாகிறது என்று பார்க்க ஓசூர் தோதான ஊர். கோர்ட் உள்ள ஏதாவது ஒரு பள்ளிக்குச் சாயங்காலம் போனால் போதும். சிமென்ட் தரை, வெயிலில் வெளுத்துப்போன கோடுகள், வலை அறுந்து வெறும் கம்பியாக நிற்கும் ரிங். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பாக்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். பிள்ளைகள் பாஸ் கேட்பது தமிழில், சண்டை போடுவது தெலுங்கில், ஸ்கோர் சொல்வது கன்னடத்தில். பி.டி. மாஸ்டரின் விசில் மட்டும் மூன்று மொழிக்கும் பொது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி டிரிப்ளிங் செய்தபடி வலப்பக்கமாக ஓடி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த வேகத்திலேயே எறிந்தால் உடம்பு முன்னால் சாயும், பந்து போர்டில் மோதி எகிறும். முதலில் அவள் நிற்க வேண்டும். இரண்டு காலையும் ஒரே சமயத்தில் ஊன்றி நிற்பது ஜம்ப் ஸ்டாப். ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றுவது ஒன்-டூ. முதல் வகையில் எந்தக் காலை வேண்டுமானாலும் அச்சாக வைத்துத் திரும்பலாம். இரண்டாவதில் முதலில் ஊன்றிய கால்தான் அச்சு. அது இழுபட்டால் டிராவல் என்று விசில் விழும். ஓடுவதும் குதிப்பதும் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடும். நிற்பதுதான் கடைசியில் வரும். நல்ல பிளேயரை அடையாளம் காண என்னிடம் உள்ள வழி இதுதான்: எவ்வளவு வேகமாக ஓடுகிறாள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எவ்வளவு தள்ளாட்டமில்லாமல் நிற்கிறாள் என்று பார்ப்பேன்.

நின்ற பிறகு விசை பாதத்தில் பிறந்து முட்டி, இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஏறி விரல் நுனியில் முடிகிறது. வலக்கைக்காரிக்கு இடக்கை துணைக்கு மட்டும். அது பந்தைத் தள்ளினால் எறி கோணலாகிவிடும். கடைசியாகப் பந்தை விடுவது ஆள்காட்டி விரலும் நடுவிரலும். விட்ட பிறகும் மணிக்கட்டு மடங்கிய நிலையில் கை சற்று நேரம் மேலேயே இருக்கும். பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகும். போர்டிலோ கம்பியிலோ பட்டாலும் அந்தச் சுழற்சி வேகத்தைத் தணித்துப் பந்தை உள்ளே விழ வைக்கும்.

வளைவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ரிங்கின் உயரம் 3.05 மீட்டர், உள்விட்டம் 45 செ.மீ. பெண்கள் ஆடும் 6-ஆம் எண் பந்தின் விட்டம் ஏறக்குறைய 23 செ.மீ. நேர் மேலிருந்து பார்த்தால் தாராளமான இடம். ஆனால் பந்து சாய்ந்தல்லவா இறங்குகிறது? 45 டிகிரியில் இறங்கும் பந்துக்கு அதே வளையம் சுமார் 32 செ.மீ. அகலம்தான். 30 டிகிரியில் தட்டையாக வந்தால் 22.5 செ.மீ.; பந்தைவிடச் சிறிசு. கம்பியில் படாமல் உள்ளே போக வழியே கிடையாது. ‘தூக்கிப் போடும்மா, தூக்கிப் போடு’ என்று மாஸ்டர்கள் தொண்டை வறளக் கத்துவதற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

இவ்வளவையும் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டுவிடலாம். பள்ளி அணியிலிருந்து தொழில்முறை ஆட்டம் வரை எறியும் முறை பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அவகாசம். பள்ளி மேட்சில் பந்தைப் பிடித்து, ரிங்கைப் பார்த்து, மூச்சுவிட்டு எறிய நேரம் இருக்கும். மாவட்ட அணியில் அதற்குள் எதிராளியின் கை முகத்துக்கு நேரே வந்துவிடும். மாநில அளவில் பந்து வருமுன்பே ஆள் வந்து ஒட்டிக்கொள்வாள். மேலே போகப் போக அதே ஷாட்டுக்கு நேரம் குறைந்துகொண்டே போகிறது. ஒரு பிளேயரின் வளர்ச்சியை உயரத்தை வைத்தோ பாயிண்ட்டை வைத்தோ அளப்பவர்கள் அளக்கட்டும். என் அளவுகோல் இந்த நேரம்தான்.

இந்த அளவுகோலுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த மிகச் சிறந்த உதாரணம் அனிதா பால்துரை. 1985-இல் பிறந்த சென்னைப் பெண். தடகளம், வாலிபால் என்று தொடங்கி, 11 வயதில் கூடைப்பந்துக்கு வந்தவர். 2000-இல் இந்திய சீனியர் அணிக்குள் நுழைந்தார். 19 வயதில் அதன் கேப்டன் ஆனார். 2017 வரை நாட்டுக்காக ஆடினார். அதற்குள் ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகள். 2021-இல் பத்மஸ்ரீ. விருதுப் பட்டியலைவிட எனக்குச் சுவாரஸ்யம் அவர் ஆடிய காலம். அவர் ஆடிய ஆண்டுகளில் ஆட்டமே மூன்று தடவை உருமாறியது.

முதல் மாற்றம் அவர் அணிக்குள் வந்த 2000-ஆம் ஆண்டிலேயே நடந்தது. பந்தை வைத்திருக்கும் அணி ஷாட் அடிக்க வேண்டிய காலக்கெடுவைச் சர்வதேச விதி 30 நொடியிலிருந்து 24 நொடியாகக் குறைத்தது. அமெரிக்காவின் என்.பி.ஏ. 1954-லேயே இதைக் கொண்டுவந்திருந்தது. சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் போட்ட கணக்கு அது: 48 நிமிட ஆட்டம் என்றால் 2,880 நொடி, ஓர் ஆட்டம் ரசிக்கும்படி இருக்க இரு அணிகளும் சேர்ந்து 120 ஷாட் எடுக்க வேண்டும், வகுத்தால் 24. கைக்கடிகாரம் செய்து பெயர் வாங்கிய ஓசூர்க்காரர்கள் இந்த வகுத்தலைக் கேட்டால் தலையாட்டுவார்கள். ஆறு நொடி குறைந்ததும் என்ன ஆயிற்று? ஒரு பக்கம் முயன்று பார்த்து, சரிவரவில்லை என்றால் பந்தைத் திருப்பி மறுபக்கம் கொண்டுபோய் நிதானமாக மீண்டும் தொடங்கும் பழைய பாணிக்கு இடமில்லாமல் போயிற்று. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் கார்டு கோர்ட்டின் பாதியைத் தாண்டும்போதே முடிவெடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது 2004-இல். பெண்கள் ஆட்டத்துக்குப் பந்து 7-ஆம் எண்ணிலிருந்து 6-ஆம் எண்ணுக்கு இறங்கியது. சிறிய பந்து கையில் நன்றாக அடங்கும், பாஸ் விறுவிறுப்பாகும். ஆனால் ஆண்டுக்கணக்கில் பெரிய பந்தில் பழகிய மணிக்கட்டுக்குப் புதிய பாடம். மூன்றாவது 2010-இல். த்ரீ பாயிண்ட் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. அரை மீட்டர்தானே என்று தோன்றும். கையால் மட்டும் எறிகிறவருக்குப் பந்து ரிங்கின் முன்கம்பியிலேயே இடித்துக்கொண்டிருக்கும். காலிலிருந்து எறிகிறவருக்கு முட்டி இன்னும் கொஞ்சம் மடங்கும், அவ்வளவே. அடித்தளம் சரியாக இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

இதற்கு மேலும் ஒரு சுருக்கம் வந்தது. பாதிக் கோர்ட்டில் மூவர் அணியாக ஆடும் 3x3 ஆட்டத்தில் காலக்கெடு 12 நொடி. 2012-இல் சீனாவின் ஹையாங் நகரில் நடந்த ஆசியக் கடற்கரை விளையாட்டுகளிலும் 2013-இல் தோஹாவில் நடந்த ஆசிய 3x3 போட்டியிலும் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். இரண்டிலும் அனிதா இருந்தார். முப்பதில் தொடங்கி இருபத்துநான்கில் வளர்ந்து பன்னிரண்டில் தங்கம் வாங்கிய ஆட்டம் அது.

இவ்வளவு காலம் அவருக்குச் சோறு போட்டது எந்த லீக்? இங்கேதான் நம் ஊர்க் கதை வேறுபடுகிறது. கூடைப்பந்து 1891-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் கையில் பிறந்தது. 1920-இல் ஹாரி பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதால் அதன் வேர் நமக்குச் சீக்கிரமே கிடைத்துவிட்டது. ஆனால் வேர்விட்ட ஆட்டத்துக்குச் சம்பளம் கொடுத்தவை இலாகாக்கள்: தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமானவரி, காவல்துறை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை. வேலையோடு ஓர் அணி. பெரியகுளம் சில்வர் ஜூபிலி கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி, கோவையின் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை என்று இந்த அணிகள் ஊர் ஊராக மோதிக்கொள்ளும். லீக் என்ற பெயர் மட்டும்தான் இல்லை. பெண்கள் ஆட்டத்தில் தேசியப் போட்டிகளை ரயில்வே அணி ஆண்டாண்டுகளாக ஆண்டுவந்ததற்கும் இந்தச் சம்பளம்தான் காரணம். வேலை நிச்சயம் என்றால் முப்பது வயதிலும் ஆடலாம். ஒரே ஆட்கள் பத்து வருஷம் சேர்ந்து ஆடினால் பேசாமலே பாஸ் போகும்.

தெற்கு ரயில்வேயில் அனிதாவுடன் கீத்து அன்னா ஜோஸும் இருந்தார். கேரளத்துக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், ரிங்கை ஒட்டி ஆடும் சென்டர். அவர்களைப் போல ஒரு கார்டும் சென்டரும் நீண்ட காலம் ஒரே அணியில் இருந்தால் ரசிகனுக்கு விருந்து ஸ்கிரீன் ஆட்டம்தான். சென்டர் மேலே ஏறி வந்து, கார்டைக் காவல் காக்கிறவளின் பாதையில் சுவராக நிற்பாள். கார்டு அந்தச் சுவரைத் தோள் உரசும் அளவுக்கு ஒட்டிக் கடக்க வேண்டும். ஒரு சாண் இடைவெளி விட்டாலும் காவல்காரி நுழைந்துவிடுவாள். கடந்ததும் எதிரணியின் இரண்டு பேரும் கார்டின் மேல் பாய்ந்தால், சென்டர் திரும்பி ரிங்கை நோக்கி உருளுவாள். இருவர் கைகளுக்கும் நடுவே ஒரு நொடிகூட நிலைக்காத சந்து ஒன்று திறக்கும். பந்து தரையில் ஒருமுறை பட்டு அதன் வழியே போகும். பாயாமல் பின்வாங்கினால் கார்டு நின்று ஷாட் அடிப்பாள். எதிராளி எதைச் செய்தாலும் தப்பு என்று ஆக்குவதுதான் இதிலுள்ள அழகு.

கீத்து வெளிநாட்டையும் பார்த்தவர். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வு முகாம்களுக்கும் போய்வந்தார். ஆண்களில் பஞ்சாபின் சத்னாம் சிங் 2015-இல் என்.பி.ஏ.வின் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணியால் 52-ஆவது ஆளாகத் தேர்வு செய்யப்பட்டார். ஏழடிக்கு மேல் உயரம். ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் எதிலும் அவர் களம் இறங்கவில்லை. அதன் கிளை லீகில் டெக்சாஸ் லெஜண்ட்ஸுக்கு ஆடினார். உயரம் வாசல் வரை அழைத்துப்போகும். உள்ளே கேட்பது அந்த அரை நொடியை.

உள்நாட்டில் ஐவர் ஆட்டத்துக்கு லீக் என்ற பெயரோடு வந்தவை பெரும்பாலும் ஆண்களுக்கானவை. 2015-இல் தொடங்கி 2017-இல் நின்ற யு.பி.ஏ.வில் சென்னை ஸ்லாம் ஆடியது. 2022-இல் தொடங்கிய ஐ.என்.பி.எல்.லில் சென்னை ஹீட், பெங்களூரு கிங்ஸ் உட்பட ஆறு அணிகள். ஆண்கள் ஆட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் குறைச்சல் இல்லை; 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த 71-ஆவது தேசியச் சாம்பியன்ஷிப்பை வென்றது நம் அணிதான். ஐவர் ஆட்டத்தில் பெண்களுக்கு நிலைத்து நிற்கும் லீக் ஒன்று வராதது பெரிய குறை. அனிதாவின் தலைமுறைக்கு அது கிடைக்கவே இல்லை.

இருந்தும் அந்தத் தலைமுறை விடைபெற்ற விதம் கம்பீரமானது. 2017 ஜூலையில் ஆசியக் கோப்பையின் பி பிரிவு பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில் நடந்தது. இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை இந்தியா 75-73 என்று வென்று ஏ பிரிவுக்கு ஏறியது. அப்போது அனிதாவுக்கு 32 வயது. அந்த வயதில் இளம் கால்களோடு ஓட்டத்தில் போட்டி போட முடியாது. முன்கூட்டியே போய் நிற்கலாம். பந்து எங்கே வரப்போகிறது என்று தெரிந்தவருக்கு ஓட வேண்டிய தூரம் குறைவு.

அந்த அரங்கு ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம். சென்னை நேரு உள்ளரங்கு 300 கிலோமீட்டருக்கு மேல். எல்லையோரப் பிள்ளையின் நிலைமை இதுதான்: நல்ல மேட்ச் பார்க்கக் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் போதும், தேர்வுக்கோ கிருஷ்ணகிரி மாவட்ட அணி வழியாகச் சென்னைக்கு ராத்திரி பஸ் ஏற வேண்டும். இதில் நஷ்டம் மட்டும் இல்லை. பெங்களூரில் பெரிய ஆட்டத்தை நேரில் பார்த்து வளரும் கண் ஒரு சொத்து. நேரம் சுருங்கும்போது கை அதிகம் கற்றுக்கொள்வதில்லை, கண்தான் கற்றுக்கொள்கிறது.

இதனால்தான் பள்ளி மேட்சில் முப்பது பாயிண்ட் அடித்த பிள்ளையை உடனே ஸ்டார் என்று தூக்கி வைக்க எனக்கு மனம் வருவதில்லை. அவளைவிடப் பெரிய, வேகமான ஒருத்தியைக் காவலுக்கு நிறுத்தி, காலக்கெடுவில் ஐந்து நொடி மிச்சமிருக்கும்போது பந்தைக் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாரும் பதறும் அந்த ஐந்து நொடியில் இரண்டு நொடி மிச்சம் பிடிக்கிறவள் யாரோ அவளுக்கு ரயில்வேயும் சரி, நாளை வரப்போகும் லீகும் சரி, இடம் வைத்திருக்கும்.