விழுந்தவன் எழுந்து ஓடும் ஆட்டம்

போன மாதம் நாகலூர் போயிருந்தேன். ஏற்காடு ஏரி, படகு, லேடீஸ் சீட் என்று எல்லோரும் நின்றுவிடுகிற இடங்களைத் தாண்டி, சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். என் கல்லூரி நண்பன் அங்கே காபியும் மிளகும் போட்டிருக்கிறான். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருப்பதை நான் ரசித்துக்கொண்டிருந்தபோது, அவன் மகள் மொபைலை நீட்டினாள்.

“மாமா, இந்த பைக் எடுக்க 799 ரூபாய். அப்பாகிட்ட நீங்க சொல்லுங்களேன்.”

பைக் என்றால் நிஜ பைக் இல்லை. ஒரு ரேஸ் கேமில் மட்டும் ஓடுகிற பைக். பெட்ரோல் போட முடியாது, அடகு வைக்கவும் முடியாது. நண்பன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான் ஞாபகம் வந்தது. ரோடு ராஷ்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்கிற அமெரிக்கக் கம்பெனி 1991ல் சேகா ஜெனிசிஸ் கருவிக்காக வெளியிட்ட ஆட்டம். நம்மூருக்கு வந்து சேர்ந்தது அதன் மறு அவதாரம். 1994ல் 3டிஓ என்ற கருவிக்குச் செய்து, 1996ல் விண்டோஸுக்குக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியா சாலைகளில் சட்டவிரோத பைக் ரேஸ். பக்கத்தில் வருகிறவனை உதைக்கலாம், குத்தலாம். அவன் தடியை ஓங்குகிற அந்த நொடியில் சரியாகக் கை நீட்டினால் தடியையே பிடுங்கிக்கொள்ளலாம். எதிரே கார் வரும், குறுக்கே ஆள் நடப்பார், பின்னால் போலீஸ் துரத்தும்.

நாங்கள் இதை விளையாடியது சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். பி.காம். படிக்கிற பையன்கள் டேலி கற்றுக்கொண்டால் உடனே வேலை என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டில் பணம் கட்டினார்கள். அரை மணி நேரம் டேலி, மிச்ச நேரமெல்லாம் ரோடு ராஷ். சி.டி. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், அந்த இரண்டில் எனக்கு வரவு செலவைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தது ரோடு ராஷ்தான். ஜெயித்தால் பரிசுப் பணம். பணம் சேர்ந்தால் வேகமான பைக். மோதி மோதி பைக் நொறுங்கினால் ரிப்பேர் செலவு. போலீஸிடம் மாட்டினால் அபராதம். இரண்டில் எதற்குமே கையில் காசில்லை என்றால் ஆட்டம் முடிந்தது. இருக்கிற காசையெல்லாம் போட்டுப் பெரிய பைக் வாங்கிவிட்டு, அடுத்த ரேஸிலேயே போலீஸில் மாட்டி திவாலானவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் உண்டு. நடைமுறை மூலதனம் என்றால் என்னவென்று எங்கள் புரொஃபசர் ஒரு செமஸ்டர் முழுக்க விளக்கினார். எனக்கு அது புரிந்த இடம் வேறு.

இன்றைய மொபைல் கேமில் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டார்கள். அன்று ஆட்டத்துக்குள் சம்பாதித்து ஆட்டத்துக்குள் செலவழித்தோம். இன்று அப்பா சம்பாதிக்கிறார், ஆட்டம் செலவழிக்கிறது. திறமை இல்லாவிட்டால் பரவாயில்லை, கார்டு இருந்தால் போதும்.

ரோடு ராஷை மறுபடியும் செய்ய வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான். இன்னொன்று, அதை இன்று கடையில் போய் வாங்க வழியில்லை. இந்த வரிசையில் கடைசிப் புது ஆட்டம் 2000ல் வந்த ‘ஜெயில்பிரேக்’. அதையே 2003ல் கைக்கருவிக்கு ஒருமுறை மாற்றிக் கொடுத்தார்கள். அதோடு சரி. பொதுமக்களிடம் பணம் திரட்டி, 2017ல் ‘ரோடு ரிடெம்ப்ஷன்’ என்று வேறொரு குழு அதே பாணியில் ஒன்று செய்தது. நல்ல முயற்சி. ஆனால் தம்பி தம்பிதான், அண்ணன் இல்லை.

பழைய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியானவற்றில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் ஓர் ஆய்வில் சொன்னது. ஐம்பதுகளில் வந்த சினிமாவை இன்று டி.வி.யில் பார்த்துவிடலாம். தொண்ணூறுகளின் கேமைத் தேடினால் கிடைப்பதில்லை.

மறுபடி செய்வதிலும் ஆபத்து இருக்கிறது. 1999ல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆட்டத்தை 2019ல் புதுப்பித்தார்கள். எலும்பைத் தொடாமல் சட்டையை மட்டும் மாற்றினார்கள். இன்றும் கூட்டம் கூட்டமாக விளையாடுகிறார்கள். ‘வார்கிராஃப்ட் 3’ கதை வேறு. 2020ல் புதுப்பிக்கிறேன் என்று இறங்கி, சொன்னதில் பாதியைச் செய்யாமல் விட்டு, ரசிகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அதனால் ரோடு ராஷில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று நானே ஒரு பட்டியல் போட்டு, அன்று ராத்திரி நண்பனிடம் நீட்டி முழக்கினேன். வரவு செலவுக் கணக்கு அப்படியே இருக்கட்டும். நிஜப் பணம் உள்ளே வரவே கூடாது. பாதையில் ஒன்றை நம்ம சேலம்-ஏற்காடு ரோடு மாதிரி, இருபது கொண்டை ஊசி வளைவோடு வைத்தால் பிரமாதம். ஒரே ஒரு விஷயத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றேன்.

அந்த ஆட்டத்தில் விழுகிறவனுக்கு எதுவும் ஆகாது. காரில் மோதி, பனைமர உயரம் பறந்து, ரோட்டில் உருண்டு, உடனே எழுந்து தன் பைக்கை நோக்கி ஓடுவான். ஏறி உட்கார்ந்து முறுக்குவான். பணத்தில் அவ்வளவு நேர்மையாக இருந்த ஆட்டம், உடம்பு விஷயத்தில் பொய் சொன்னது என்பது என் விமர்சனம்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. இரண்டாம் வருஷம் படிக்கும்போது நண்பன் ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு, சித்தப்பாவின் பைக்கில் மலை ஏறினான். பாதி வழியில் ஒரு வளைவில் சறுக்கி விழுந்தான். எழுந்து ஓடவில்லை. தோட்டத்து ஜீப் ஒன்று வரும் வரைக்கும் அங்கேயே கிடந்தான். வலது காலில் கம்பி வைத்தார்கள். ஒரு செமஸ்டர் போனது. இன்றைக்கும் தோட்டத்தில் சரிவு இறங்கும்போது கொஞ்சம் சாய்ந்துதான் இறங்குகிறான்.

“விழுந்தா வலிக்கும், நேரம் போகும், ரெண்டு ரேஸ் ஆட முடியாதுன்னு வைக்கணும்டா. இல்லேன்னா இந்தக் காலத்துப் பசங்க...” என்று ஆரம்பித்தேன்.

அவன் மகள் உள்ளே போயிருந்தாள். அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

“மாப்ளே, நான் விழுந்தது கேமாலன்னா நெனச்ச? மண்ணு கொட்டிக் கெடந்துச்சு. பிரேக் புடிச்சேன், வழுக்குச்சு. அவ்வளவுதான். ஆனா மூணு மாசம் படுத்துக் கெடந்தேன் பாரு, அப்ப சித்தப்பா ஒரு பழைய கம்ப்யூட்டர் கொண்டாந்து கட்டில் பக்கத்துல வெச்சாரு. ரோடு ராஷ்தான். ஜெயிக்கறதுக்கு ஆடல. வேணும்னே போய் மோதுவேன். விழுந்ததும் அவன் எந்திரிச்சு ஓடுவான் பாரு, அதப் பாக்கறதுக்கு.”

கொஞ்ச நேரம் நான் ஒன்றும் பேசவில்லை.

“அதை மட்டும் எடுத்துறாதீங்கடா” என்றான், நான்தான் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் முதலாளி மாதிரி.

பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டேன்.