யாருக்காக மீண்டது?

‘மார்பக மறுசீரமைப்பு’ என்ற சொல்லையே முதலில் விசாரிக்க வேண்டும். 1982இல் அமெரிக்க மருத்துவர் கார்ல் ஹார்ட்ராம்ஃப் வெளியிட்ட முறை, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வயிற்றுத் தசையோடு மார்புக்கு ஏற்றியது. ‘தொப்பையும் குறையும்’ என்பது உபரி நன்மையாம். தசை இழந்த வயிறு புடைக்கலாம், குடலிறக்கம் வரலாம். தசையை விட்டுவைக்கும் பிந்தைய முறையிலும், இரத்தக்குழாய் அடைத்தால் ஒட்டிய திசு செத்துவிடும். கொழுப்பு செத்துக் கட்டியானால், புற்றுநோய் திரும்பியதோ என்ற அச்சம். பார்ப்பவருக்கு அது மார்பு. பெண்ணுக்கோ பெரும்பாலும் மரத்துப்போன சதை. செயற்கை மார்பை மறுத்த ஆட்ரி லார்ட், 1980இல் ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ நூலில் இந்தப் பார்வையைத்தான் எதிர்த்தார். அறுவையை ஏற்பதும் மறுப்பதும் பெண்ணின் உரிமை. ஆனால், வடிவத்தைப் பேசும் அதே குரலில் மருத்துவம் வலியையும் மரப்பையும் பேசாதவரை, அவளிடம் வாங்கும் கையெழுத்து சம்மதமாகாது.