ரேடியேட்டர் மூடி

என்ஜினைக் குளிர்விக்கும் ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்தது ரேடியேட்டர் மூடிதான். உள்ளங்கையில் அடங்கும் தகரம், ஸ்பிரிங், கொஞ்சம் ரப்பர். அதற்குள் எவ்வளவு யோசனை!

கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,200 மீட்டருக்கு மேலிருக்கும் ஊட்டியில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். என்ஜினோ 90 டிகிரியை ஒட்டி ஓடுகிறது. மூடி இல்லாவிட்டால், மேட்டுப்பாளையத்தில் ஏறும் வண்டி பொங்காமல் குன்னூர் போய்ச் சேர்வதே பெரும்பாடு. அந்த ஸ்பிரிங் ஏறத்தாழ 1 பார் அழுத்தம்வரை உள்ளே தேக்குகிறது. கொதிநிலை 20 டிகிரிபோல உயர்ந்துவிடுகிறது. அழுத்தம் மிஞ்சினால் வால்வு விலகி, கூலன்ட் பக்கத்து டப்பாவுக்குப் போகும். வண்டி ஆறும்போது நடுவிலுள்ள குட்டி வால்வு திறந்து, போனதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த இரண்டாவது வால்வுதான் என் வியப்பு.

அது அடைத்துக்கொண்டால், ஆறிய வண்டியில் ஹோஸ் சப்பிக் கிடக்கும். பலர் ஹோஸை மாற்றுவார்கள், குற்றம் மூடியினுடையது. நல்ல மெக்கானிக் முதலில் மூடியைக் கழற்றி ரப்பரை நகத்தால் நிமிண்டிப் பார்ப்பார்: வெடிப்பு, விறைப்பு, போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டியென்றால் வெள்ளை உப்பு. சூடாக இருக்கையில் தொடவே மாட்டார். கொதிநீர் முகத்தில் பீறிடும். புது மூடி வாங்கும்போது பழையதில் பொறித்த அழுத்த எண்ணையே கேட்பார். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் பழைய ஹோஸ் தாங்காமல் போகலாம்.