சைபர்மொஹல்லா: கம்ப்யூட்டர் வகுப்பில் என்ன படிக்கணும்?

டெல்லியில் சராய், அங்கூர் என்ற இரு அமைப்புகள் சேர்ந்து 2001ல் தொடங்கிய முயற்சி சைபர்மொஹல்லா. எல்.என்.ஜே.பி. குடிசைப் பகுதியில் சின்னதா ஒரு கூடம். சில கம்ப்யூட்டர்கள், கட்டற்ற மென்பொருள், கேமரா. பாடம் என்னன்னா, அங்குள்ள இளைஞர்கள் தங்கள் தெருவைக் கவனித்து எழுதுவது.

'இது வேலைக்கு உதவுமா?' என்று நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்குத் தோன்றியது. நியாயமான குறைதான். ஆனா, இன்னொரு கூடம் இருந்த நங்லா மாஞ்சி 2006ல் இடிக்கப்பட்டது. தெருவே போச்சு. எழுத்து மிஞ்சியது, 2007ல் 'பஹுரூபியா ஷெஹர்' என்று இந்தியில் புத்தகமானது.

எங்க வாணியம்பாடி சென்டர்களில் டேலி, போட்டோஷாப் படிக்கலாம். டேனரித் தெருவை எழுதப் பழக்கும் சென்டரை நான் பார்த்ததில்லை. டேனரி மூடினால் நம்மிடம் என்ன மிஞ்சும்?