ஆரணிப் பட்டை ரசிப்பது எப்படி?

திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாகச் சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள ஆரணி, பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். இங்கு நெய்யும் சேலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனாலும் தறியிலிருந்து இறங்கும் சேலைகளில் பல காஞ்சிபுரம், சென்னைக் கடைகளுக்குப் போய், பிறந்த ஊரின் பெயர் இல்லாமலே விலையாகின்றன. இந்த நிலை மாற, துணியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் வாங்க வர வேண்டும்.

முதலில் எடை. காஞ்சிபுரம் சேலையில் இழைகளைச் சேர்த்து முறுக்கிய கனத்த நூலும் ஜரிகையும் அதிகம். ஆரணிச் சேலை லேசானது. லேசாக இருப்பதாலேயே அதை மட்டமான காஞ்சிபுரம் என்று நினைத்து ஒதுக்குவது பெரிய அநியாயம். முகூர்த்த நாளில் விடியற்காலை கட்டிய புடவையுடன் பந்தி வரை ஓடியாட வேண்டியவருக்கு இந்த லேசுதான் சௌகரியம்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புடவையைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து பார்க்கும் பெரியவர்களின் வழக்கம் வெறும் சந்தேகத்தால் வந்ததல்ல. நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை வேறு நிறம் என்று நெய்த சேலை, மடிப்பை அசைக்க அசைக்க நிறம் மாறும். மயில்கழுத்து நிறம் அப்படிப் பிறப்பதே: நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால், மடிப்பின் மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் மற்றொன்றும் தெரியும். சாயக்காரரும் நெசவாளரும் சேர்ந்து செய்யும் வேலை இது. அவசரமாகப் புரட்டினால் கண்ணில் படாது.

பிறகு கரை. கோர்வைக் கரையில், ஊடை நூலைக் கொண்டு செல்லும் நாடா உடலுக்கு ஒன்றும் கரைக்கு வேறொன்றுமாக ஓடுகின்றன. இரண்டு ஊடைகளும் சேருமிடத்தில் ஒன்றையொன்று கோத்துத் திரும்புகின்றன. அதனால் உடலின் நிறம் கரையில் கலப்பதில்லை. உடலில் ஓடிய ஊடையே கரையையும் கடந்து சென்றிருந்தால், உற்றுப் பார்க்கையில் கரை நிறம் கொஞ்சம் மங்கித் தெரியும். கோர்வையில் உடலும் கரையும் இணையும் கோட்டில் கோபுர வடிவம் போட்டிருந்தால், விரல் நுனியால் தடவிப் பார்க்கலாம்: கோத்த இடம் மெல்லிய தடிப்பாகத் தட்டுப்படும்.

சேலையின் மறுபக்கத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பின்னால் நூல் நீளமாக ஓடினாலே விசைத்தறி என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. கைத்தறியிலும் கோலம் நெய்யும் ஜக்கார்டு உண்டு; அதிலும் நூல் பின்னால் அப்படி ஓடலாம். கைத்தறிச் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சில இடங்களில் நெசவு சற்று நெருங்கியும் சில இடங்களில் சற்று இளகியும் இருக்கும். நெசவாளர் வேலையை நிறுத்தி மறுபடி தொடங்கிய இடங்கள் அவை. அதைக் குறை என்று சொல்லி விலை குறைக்கக் கேட்பது, கை வேலையைக் கேட்டு வந்துவிட்டு அதற்கே அபராதம் போடுவதாகும்.

நல்ல ஜரிகை, பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன் முலாம் பூசியது. சில போலிகளில் பூச்சுக்கு அடியில் செம்பு இருக்கும்.

முத்திரைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2004இல் வந்த சில்க் மார்க், நூல் அசல் பட்டு என்பதற்கு மட்டுமே சான்று; விசைத்தறிச் சேலையிலும் அது இருக்கலாம். கையால் நெய்தது என்பதற்கு 2006இல் வந்த கைத்தறி முத்திரை வேண்டும். சேலை எந்த ஊரில் நெய்தது என்பதை இந்த இரண்டும் சொல்வதில்லை. அதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். ஆரணி என்று அவர் சொன்னால், பில்லிலும் அதை எழுதித் தரச் சொல்லலாம்.