டாக்கரின் தொடக்கப் பாடம்: ஒரு மதிப்பீடு

நம் கணிப்பொறியில் ஒழுங்காக ஓடிய நிரல் ஒன்று நண்பரின் கணிப்பொறியில் முரண்டு பிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே வேறு பதிப்பு நூலகம் இருக்கும். அல்லது நூலகமே இராது. நிரலையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் ஒரே பொதியாகக் கட்டி அனுப்புவதே கொள்கலன் முறை. 2013இல் வெளிவந்த டாக்கர் இதைப் பரவலாக்கிற்று. கொள்கலனுக்கெனத் தனி இயங்குதளக் கரு கிடையாது. லினக்ஸின் கருவையே அது பகிர்ந்துகொள்கிறது. மெய்நிகர் பொறியைவிட இது இலேசாக இருப்பது அதனால்தான்.

டாக்கர் நிறுவனம் தொடக்க மாணவர்களுக்கு இணையத்தில் இலவசமாக ஒரு பாடம் வைத்திருக்கிறது. அதன் 2023ஆம் ஆண்டு வடிவத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். செய்யவேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் சிறு வலைச்செயலிதான் பாடப்பொருள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மாணவரை அது ஏமாற்றும் இடம். பட்டியலில் நாலைந்து வேலைகளைச் சேர்த்திருப்பீர்கள். செயலியைத் திருத்தி, பழைய கொள்கலனை அகற்றி, புதியதை ஓடவிட்டதும் பட்டியல் வெறுமையாகக் கிடக்கும்! தகவல்தளக் கோப்பு பழைய கொள்கலனுக்குள் இருந்தது, அதனோடு போயிற்று. தகவலை வெளியே ‘வால்யூம்’ என்னும் தனி இடத்தில் வைக்கவேண்டும் என்பது அப்புறம்தான் வருகிறது. போனது பள்ளி மதிப்பெண் பட்டியலாக இருந்திருந்தால்? விளையாட்டுச் செயலியிலேயே இந்த அதிர்ச்சியைத் தந்துவிட்டது நல்ல ஆசிரியத் திறமை.

குறை வேறிடத்தில். பொதி கட்டும் கட்டளைகளை எழுதும் டாக்கர்ஃபைலில், முதலில் நிரல் முழுவதையும் படியெடு, பிறகு நூலகங்களை இறக்கு என்ற வரிசையே கற்பிக்கப்படுகிறது. டாக்கர் ஒவ்வொரு கட்டளையின் விளைவையும் ஓர் அடுக்காகச் சேமிக்கும். ஓர் அடுக்கு மாறினால் அதற்கு மேலுள்ளவை யாவும் புதிதாகக் கட்டப்படும். ஆகவே பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றினாலும் (பாடமே மாற்றச் சொல்கிறது!) எல்லா நூலகங்களும் மறுபடி இணையத்திலிருந்து இறங்கும். ரசத்தில் உப்புக் குறைந்தால் உப்பைப் போடுவோமா, துவரம்பருப்பு வாங்கக் கடைக்கு ஓடுவோமா?

தீர்வு எளிது. நூலகப் பட்டியல் கோப்பை மட்டும் முதலில் படியெடுத்து, நூலகங்களை இறக்கி, நிரலைக் கடைசியில் படியெடுத்தால் போதும். பட்டியல் மாறாதவரை பழைய அடுக்கே பயன்படும். பாடமும் இதைச் சொல்லாமல் இல்லை; ஆனால் கோடியில், சிறந்த வழக்கங்கள் என்ற தலைப்பின்கீழ்! அடிப்படைக்குச் சில மெகாபைட்டே உள்ள ஆல்பைன் லினக்ஸை ஒட்டிய பொதியைத் தேர்ந்த சிக்கனம் இங்கே ஏனோ மறந்துபோயிற்று.

வேகமான கம்பி இணைப்புள்ள அலுவலகத்தில் இது சில வினாடிக் கணக்கு. சின்னசேலத்தில் செல்பேசியின் அன்றாடத் தரவை மடிக்கணினிக்குப் பகிர்ந்து படிக்கும் மாணவிக்கு அப்படியல்ல. விடுமுறையில் கல்வராயன் மலையில் அலை தேடவேண்டிய ஊருக்குத் திரும்பும் மாணவரின் பாடு இன்னும் மோசம். மூன்று திருத்தம் செய்வதற்குள் அன்றைய தரவு தீர்ந்தால், ‘நமக்கு இது வராது’ என்று தம்மையே நொந்துகொள்வார்கள், பாடத்தை அல்ல.

ஆகையால் இறுதிப் பகுதியிலுள்ள டாக்கர்ஃபைலை முதல் நாளிலேயே எழுதிக்கொண்டு பாடத்தைத் தொடங்குங்கள். பட்டியல் மறையும் இடத்தை மட்டும் தாண்டிச் செல்லாதீர்கள்.